அரை கிராம் சருகு போதும்

மூடிய பாட்டிலுக்குள் ஒரு தோட்டம் அமைக்கச் சொன்னால், மாணவர்கள் பெரும்பாலும் உரத்தை அள்ளிப் போடுவார்கள். செடி நன்றாக வரட்டும் என்று ஒரு கை தொழுவுரம், அதன்மேல் ஈரச் சருகு, பிறகு இறுக்கமாக மூடி. மணலும் கொஞ்சம் மண்ணும் மட்டும் போட்ட பாட்டிலில் செடி பச்சையாக நிற்க, இதில் வாடிப்போவதைப் பார்த்துத் திகைப்பார்கள். அந்தத் திகைப்பிலிருந்துதான் பாடத்தைத் தொடங்க வேண்டும் என்பேன்.

சருகு மட்குவது என்றால், பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் அதைத் தின்கின்றன என்று பொருள். தின்பவை மூச்சும் விடும். ஆக்சிஜன் குறையும், கார்பன் டை ஆக்சைடு கூடும். எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 லிட்டர் காற்றில் உள்ள ஆக்சிஜன் ஏறக்குறைய அரை கிராம்தான். அது முழுவதும் தீர, சருகின் நார்ப்பொருளான செல்லுலோஸ் அரை கிராம் அளவு மட்கினாலே போதும். ஒன்றிரண்டு மாஞ்சருகுகளில் அவ்வளவு இருக்கும். ஒரு கை உரத்தில் எவ்வளவு இருக்கும்!

பகலில் செடி அந்தக் கார்பன் டை ஆக்சைடை எடுத்து ஆக்சிஜனைத் திருப்பித் தரும். நுண்ணுயிர்களோ இரவும் பகலும் ஓய்வதில்லை. செடியின் கை தாழ்ந்துவிட்டால் ஆக்சிஜன் தேவைப்படாத பாக்டீரியாக்கள் பெருகும். மண் கறுக்கும், திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும்.

மட்கும் சருகு மூச்சு விடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். செடியில்லாத பாட்டிலில் ஈரச் சருகு போட்டு, சிறு குப்பியில் தெளிந்த சுண்ணாம்பு நீரை உள்ளே வைத்து மூடுங்கள். நீரின் மேல் வெண்ணிற ஆடை படரும். கால்சியம் ஹைட்ராக்சைடு, கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகிறது.

அமெரிக்காவின் அரிசோனாவில் மூன்று ஏக்கருக்குச் சற்று அதிகமான பரப்பில் கண்ணாடியால் மூடி எழுப்பிய ‘பயோஸ்பியர் 2’ என்ற ஆய்வுக்கூடத்துக்குள் 1991 செப்டம்பரில் 8 பேர் நுழைந்தார்கள். இரண்டு ஆண்டுகள் அங்கேயே பயிரிட்டு உண்பது திட்டம். அதற்காகவே மண்ணில் மட்கும் பொருள்களைத் தாராளமாகச் சேர்த்திருந்தார்கள். காற்றில் 20.9 சதவீதமாக இருந்த ஆக்சிஜன், 1993 ஜனவரிக்குள் 14.5 சதவீதம் அளவுக்கு இறங்கியது. சுமார் 4,000 மீட்டர் உயர மலையில் வாழ்வதுபோல் அவர்கள் சோர்ந்துபோனார்கள். வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்த வேண்டியதாயிற்று.

விஞ்ஞானிகளைக் குழப்பியது வேறொன்று. ஆக்சிஜன் குறைந்த அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு கூடியிருக்கவில்லை. அது எங்கே போனது? கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜெஃப் செவரிங்ஹாஸ், வாலஸ் புரோக்கர் ஆகியோரின் ஆய்வு கட்டடத்தின் காங்கிரீட்டைக் காட்டிக்கொடுத்தது. காங்கிரீட்டிலும் கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டு. நம் குப்பியில் ஆடை படர்ந்த அதே வினை அங்கே சுவர் முழுக்க நடந்திருக்கிறது. காற்றில் இருந்திருந்தால் பயிர்கள் அந்த வாயுவை எடுத்து ஆக்சிஜனைத் திருப்பித் தந்திருக்கும்; கார்பனேட்டாக உறைந்த பிறகு அதற்கு வழியில்லை.

செடி இருக்கும் பாட்டிலுக்குள் சுண்ணாம்பு நீரை வைக்க வேண்டாம் என்பதும் இதனால்தான்.