சீலியாக் குழு தொடங்கப் போகிறீர்களா? முதல் கூட்டத்தில் சாப்பாடு வேண்டாம்

சீலியாக் நோய் என்று உறுதியானால், அதைக் குணமாக்க எழுதித்தர மாத்திரை கிடையாது. சீட்டில் இரும்புச்சத்தோ வைட்டமின் டி-யோ இருக்கலாம். அது நோயால் வந்த குறையைச் சரிசெய்ய. நோய்க்கு வைத்தியம் ஒன்றுதான். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும், இந்த நோயுள்ளவர்களின் குடலைக் கெடுக்கும் குளூட்டன் என்ற புரதத்தை வாழ்நாள் முழுக்க விட்டுவிட வேண்டும். மருத்துவர் இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். உணவியல் ஆலோசகரான நான் விளக்க இன்னும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்வேன்: எதைச் சாப்பிடலாம், எதை விட வேண்டும், பாக்கெட்டில் எந்த வரியைத் தேட வேண்டும். அப்புறம் நோயாளி வீட்டுக்குப் போகிறார். அங்கே அலுவலகப் பிறந்தநாள் கேக் இருக்கிறது, விருந்து இருக்கிறது, "ஒரு வாய்தானே, ஒன்றும் ஆகாது" என்று தட்டை நீட்டும் உறவினர் இருக்கிறார்.

இந்த நோயுள்ளவர்கள் கூடிப் பேசும் குழு தகவலுக்காகத் தேவைப்படுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். தகவல் இன்று எங்கும் கிடைக்கும். நான் பார்த்தவரை, ஆள் உடைந்துபோவது மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிட உட்காரும் இடத்தில்தான். நீட்டிய தட்டை யார் மனமும் நோகாமல் மறுப்பது எப்படி என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. அதே தட்டைப் பத்து வருடமாக மறுத்து வருகிறவருக்குத் தெரியும்.

நோயாளர் அமைப்பில் சேர்ந்தவர்கள் கட்டுப்பாட்டை நன்றாகக் கடைப்பிடிக்கிறார்களா என்று ஆராய்ந்திருக்கிறார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் வந்த ஒரு மறுஆய்வில், கறாராகக் கடைப்பிடிப்பவர்களின் அளவு ஆய்வுக்கு ஆய்வு 42 முதல் 91 சதவீதம் வரை மாறியது. அமைப்பில் உறுப்பினராக இருப்பதும் உணவியல் ஆலோசகரைத் தொடர்ந்து பார்ப்பதும் நல்ல கடைப்பிடிப்போடு சேர்ந்து காணப்பட்டன. குழுதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஒழுங்காக இருப்பவர்களே குழுவில் சேர்கிறவர்களாகவும் இருக்கலாம். இருந்தாலும் ஒரு குழுவைத் தொடங்கிப் பார்க்க இந்த அளவு ஆதாரம் போதும்.

இந்த வேலையைத் தொடங்கியவர்களில் பலர் மருத்துவர்கள் இல்லை. 1961-இல் ஆம்னெஸ்டி இன்டர்நேஷனலைத் தொடங்கிய பீட்டர் பெனன்சனுக்குச் சீலியாக் இருந்தது. பிரிட்டனில் 1968-இல் சீலியாக் சங்கம் உருவானபோது அதைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அரசியல் கைதிகளுக்காகக் கடிதம் எழுதச் சொன்ன மனிதர், மாவு பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கவும் ஆள் சேர்த்திருக்கிறார்.

சரி, ஆட்களை எங்கே பிடிப்பது? உலக மக்களில் ஏறக்குறைய நூறில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. பெரும்பாலோருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களின் பட்டியல் மருத்துவமனையில் இருக்கும், ஆனால் அதைக் கேட்காதீர்கள், கேட்டாலும் தரக்கூடாது. மாறாக, ஒரு சிறிய சீட்டு அச்சடித்து மருத்துவரிடம் கொடுங்கள். குழு எப்போது கூடுகிறது, யாரை அழைக்க வேண்டும் என்ற இரண்டு வரி போதும். மருத்துவர் அதை நோயாளியிடம் தருவார், அழைப்பதா வேண்டாமா என்பதை நோயாளி முடிவு செய்வார். குடல் நோய் நிபுணரிடமும் குழந்தை மருத்துவரிடமும் சீட்டு வைக்க எல்லோருக்கும் தோன்றும். முதல் வகை நீரிழிவுக்கும் தைராய்டுக்கும் பார்க்கும் மருத்துவரிடம் வைக்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்த நோய்களும் சீலியாக்கும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவது அடிக்கடி நடப்பதுதான். இன்சுலின் ஊசியோடு குளூட்டன் கட்டுப்பாட்டையும் சேர்த்துச் சமாளிக்கும் குழந்தையின் பெற்றோருக்குத்தான் பேச ஆள் மிகவும் தேவைப்படுகிறது.

மூன்று பேர் வந்தால் போதும், கூட்டத்தை நடத்துங்கள். ஆனால் தலைப்பில் சொன்னபடி, சாப்பாடு மட்டும் வேண்டாம்.

ஆளுக்கு ஒன்று சமைத்துக் கொண்டுவந்தால் நன்றாக இருக்குமே என்றுதான் எல்லாக் குழுவுக்கும் முதலில் தோன்றுகிறது. ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் நோய் உறுதியாகிச் சில வாரமே ஆனவர்கள். குளூட்டன் இல்லாத மாவைத்தான் வாங்கியிருப்பார்கள். அதைச் சலித்தது கோதுமை மாவு சலித்த அதே சல்லடையாக இருக்கும். ஜாம் பாட்டிலுக்குள் பிரெட் தடவிய கத்தி போய் வந்திருக்கும், அதன் துணுக்குகள் ஓரத்தில் ஒட்டியிருக்கும். மரப்பலகையின் கீறல்களைச் சொல்லவே வேண்டாம். அளவும் அப்படி: ஒரு பிரெட் துண்டில் ஏறத்தாழ 2 கிராம் குளூட்டன் இருக்கும். தினம் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் உள்ளே போனாலே குடலின் உள்சுவர் கெடுகிறது என்று 2007-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதாவது அந்தத் துண்டில் நாற்பதில் ஒரு பங்கு. குழுவின் சாப்பாட்டைச் சாப்பிட்டு ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டால், அடுத்த கூட்டத்துக்கு அவர் வரமாட்டார். சமைத்துக் கொண்டுவந்தவரும் வரமாட்டார். ஆறு மாதம் போகட்டும். யார் சமையலறை எப்படி என்று ஒருவருக்கொருவர் தெரிந்த பிறகு சேர்ந்து சாப்பிடலாம். அதுவரை தண்ணீரும் உரிக்காத பழமும் போதும்.

சாப்பாட்டுக்குப் பதில் காலி பாக்கெட்டுகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பதில் சந்தேகமான மூன்றை எடுத்து வரட்டும். ஒருமுறை இப்படி உட்கார்ந்தபோது ஓர் அம்மா மகனுக்கு வாங்கும் தானிய உருண்டைகளின் அட்டையை எடுத்து வைத்தார். முன்பக்கத்தில் பெரிதாகச் சோளப் படம். பக்கத்தில் இருந்த பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அட்டையை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், சேர்மானங்களை விரலால் தடவியபடி வாசித்தார். ஐந்தாவதோ ஆறாவதோ வந்தது: "பார்லி மால்ட் சாறு." அந்த அம்மா அட்டையை வாங்கி மறுபடி வாசித்தார். "கோதுமைன்னு எங்கேயும் போடலையேன்னு பார்த்தேன், சார்" என்றார். கோதுமை இல்லாதது வேறு, குளூட்டன் இல்லாதது வேறு என்று அவருக்கு நானே விளக்கியிருந்தேன். அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டபோதுதான் அது அவருக்குப் பதிந்தது.

அதே மேசையில் எதிர்ப்பக்கமும் நடக்கும். இன்னொருவர் மால்டோடெக்ஸ்ட்ரின் என்று பார்த்துவிட்டு ஒரு வருடமாக நல்ல பொருள் ஒன்றை ஒதுக்கி வைத்திருப்பார். அதற்கும் பார்லி மால்ட்டுக்கும் சம்பந்தமில்லை. மாவுச்சத்தை உடைத்துச் செய்வது அது. கோதுமையிலிருந்தே எடுத்தாலும் புரதம் கிட்டத்தட்ட முழுக்க நீங்கிவிடுகிறது. தேவையில்லாமல் விட்டதைத் திரும்பத் தட்டில் சேர்ப்பதும் குழுவின் வேலைதான். பயத்தில் விடுகிறவர்களின் உணவு வருடத்துக்கு வருடம் சுருங்கிக்கொண்டே போவதைப் பார்க்கிறேன். சோயா சாஸ், சூப் பொடி, தொத்திறைச்சி, சில மாத்திரைகளில் சேர்க்கும் மாவுச்சத்து என்று உண்மையிலேயே கவனிக்க வேண்டிய பட்டியல் நீளம். அதோடு இல்லாத பயமும் எதற்கு?

ஓட்ஸ் பற்றி ஒவ்வொரு கூட்டத்திலும் சண்டை வரும். கலப்படமில்லாத ஓட்ஸ் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும், ஒரு சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, கடையில் கிடைக்கும் சாதாரண ஓட்ஸில் கோதுமையும் பார்லியும் கலந்திருக்கும். மூன்றுமே உண்மை என்பதால் மூன்று பேரும் ஜெயிப்பார்கள். தத்தம் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும் என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விடுங்கள்.

குழுவில் ஒரு பட்டியல் கட்டாயம் உருவாகும், இது சாப்பிடலாம் இது கூடாது என்று. உருவாகட்டும், ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பாக்கெட்டைப் பார்த்த தேதி இருக்க வேண்டும். கம்பெனிகள் சொல்லாமல் சேர்மானத்தை மாற்றுகின்றன. தேதியில்லாத பட்டியல் வாட்ஸ்அப்பில் கைமாறி, மூன்று வருடம் கழித்து யாரோ ஒரு புதியவரிடம் வந்து சேரும். குளூட்டன் இல்லை என்று அச்சடிக்க, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பதே கோடெக்ஸ் எனும் சர்வதேச உணவு நெறியின் வரம்பு. பல நாடுகள் அதையே சட்டமாக வைத்திருக்கின்றன. புதியவரிடம் முதலில் இந்த 20-ஐச் சொல்லுங்கள். முழுச் சுழியம் தேடி அலைகிறவர் சீக்கிரம் சோர்ந்துபோவார்.

இனி, குழு கெட்டுப்போகும் இடங்கள். இவற்றில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி.

ரத்தப் பரிசோதனை எண்களை ஒப்பிட விடாதீர்கள். "எனக்கு நாற்பது, உங்களுக்கு எவ்வளவு?" என்று தொடங்கும் பேச்சு பரீட்சை மார்க் பேசுவதில் போய் முடியும். இந்த நோய்க்காக ரத்தத்தில் பார்க்கும் டிடிஜி எதிர்ப்பொருள் அளவை ஒவ்வொரு ஆய்வகமும் தன் கருவிக்கேற்ற அலகில் தருகிறது. ஒரு ஆய்வகத்தின் நாற்பதும் இன்னொன்றின் நாற்பதும் ஒன்றல்ல. ஒருவர் தன் பழைய எண்ணோடு புதிய எண்ணை, அதே ஆய்வகத்தில் எடுத்ததை, மருத்துவரிடம் வைத்துப் பார்க்கலாம். அவ்வளவுதான்.

பரிசோதனை செய்யாமலே "எனக்கும் அதேதான் என்று நினைக்கிறேன்" என்று வருகிறவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். ஆனால் "ஒரு மாதம் கோதுமையை விட்டுப் பாருங்களேன்" என்று யாரும் அவருக்குச் சொல்லக்கூடாது. நல்ல மனதோடு சொல்லப்படுகிற, மிகவும் கெடுதலான யோசனை இது. குளூட்டனை விட்டுவிட்டால் எதிர்ப்பொருள் இறங்கும், குடலும் மெல்ல ஆறும், அப்போது எடுக்கும் ரத்தப் பரிசோதனையும் திசுப் பரிசோதனையும் நோய் இல்லை என்று காட்டிவிடலாம். பிறகு உண்மை தெரிய வேண்டுமானால் மருத்துவர் மேற்பார்வையில் வாரக்கணக்கில் மறுபடி குளூட்டன் சாப்பிட வேண்டும். விட்டபின் நிம்மதியாக இருக்கிறவர் அதற்குச் சம்மதிப்பாரா? முதலில் பரிசோதனை, அப்புறம் பத்தியம். கூட்டம் நடக்கும் அறைச் சுவரில் இதை எழுதி ஒட்டினாலும் தப்பில்லை.

அடுத்து, சத்தமில்லாதவர்கள். துளி குளூட்டன் பட்டாலும் வாந்தி வருகிறவர் தன் கதையைச் சொல்லும்போது எல்லோரும் கேட்பார்கள். ஓரத்தில் ஒருவர் ஒன்றும் பேசாமல் இருப்பார். ரத்தசோகைக்குப் பரிசோதிக்கப் போய்த் தற்செயலாக நோய் தெரிந்தவர். கேக் சாப்பிட்டாலும் அவருக்கு ஒன்றும் செய்யாது. கூட்டம் முடியும்போது "இவர்களுக்குத்தான் பெரிய நோய், நமக்கு லேசானது" என்ற முடிவோடு போவார். குடலில் சத்தை உறிஞ்சும் சிறு விரல் போன்ற உறிஞ்சிகள் மழுங்குவதற்கும் எலும்பு தேய்வதற்கும் வலி வந்தே ஆக வேண்டும் என்றில்லை. அறிகுறி இல்லாதவருக்குக் கட்டுப்பாடு இன்னும் கடினம், ஏனென்றால் தவறு செய்தால் உடம்பு உடனே சொல்லிக்காட்டாது. கூட்டத்தை நடத்துகிறவர் அவரிடம் திரும்பி ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும்.

குழு கொஞ்சம் வளர்ந்ததும் விற்க வருவார்கள். குளூட்டன் இல்லாத பிஸ்கட் மாதிரி கொண்டுவருகிறவரை ஒரு மூலையில் மேசை போட அனுமதிக்கலாம், மேடை தரவேண்டாம். குளூட்டனைச் செரித்துவிடும் நொதி மாத்திரை என்று யாராவது வந்தால் வாசலிலேயே நிறுத்துங்கள். அதைப் போட்டுக்கொண்டு கோதுமை சாப்பிடலாம் என்பதற்கு ஆதாரம் இல்லை. காசு விஷயத்தில் முதல் வருடம் வசூலே வேண்டாம் என்பது என் கருத்து. கணக்கு வந்தால் கூடவே மனக்கசப்பும் வரும்.

பதின்வயதுப் பிள்ளைகளை வட்டத்தில் உட்கார வைத்து "எப்படி உணர்கிறாய்?" என்று கேட்டால் அடுத்த முறை வரவே மாட்டார்கள். அவர்களுக்கு வேலை கொடுங்கள். சிறு குழந்தைகளை விளையாட வைக்கிற பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். (அங்கேயும் ஒரு கவனம்: பிசைந்து விளையாடும் வண்ண மாவில் கோதுமை இருப்பது உண்டு, கை வாய்க்குப் போகும்.) அந்த மூலையில் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதுதான் அவர்களுடைய கூட்டம்.

என்னைப் போன்றவர்கள் எங்கே உட்கார வேண்டும்? பின்வரிசையில். மருத்துவரோ ஆலோசகரோ தலைமை வகித்தால் அது இன்னொரு புறநோயாளி பிரிவாகிவிடும். எல்லோரும் என்னைப் பார்த்தே பேசுவார்கள். கையேடு அச்சாகும் முன் சரிபார்க்கக் கூப்பிடுங்கள், தப்பாக ஒன்று பரவும்போது கேளுங்கள். நடத்துவது நோயோடு வாழ்கிறவராக இருக்கட்டும், முதல் நாளிலிருந்தே இருவராக இருக்கட்டும். தனியாளாக நடத்துகிற குழு அவர் வீட்டில் ஒரு கஷ்டம் வந்தால் நின்றுவிடும். இன்னொன்று: மாதக்கணக்கில் கட்டுப்பாடாக இருந்தும் எடை குறைகிறது, வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்று ஒருவர் சொன்னால், குழு அதற்கு யோசனை சொல்லாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பெரும்பாலும் எங்கோ தெரியாமல் குளூட்டன் போய்க்கொண்டிருக்கும், ஆனால் வேறு காரணம் இல்லை என்று முடிவு செய்ய வேண்டியது மருத்துவர்தான்.

குழு ஒருவாறு நிலைத்த பிறகு வருடத்துக்கு ஒரு கூட்டத்தைக் குடும்பத்துக்கென்று வையுங்கள். பெற்றோர், கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகள் என நெருங்கிய ரத்த உறவில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கலாம், அறிகுறி எதுவும் இல்லாமலும். உறுப்பினர் ஒவ்வொருவரும் தன் வீட்டில் யார் யார் பரிசோதித்தாயிற்று, யார் பாக்கி என்று அன்றைக்கு எழுதட்டும். வீட்டில் ஒருவருக்காக எல்லோருமே குளூட்டனை நிறுத்திவிடலாம் என்று யோசிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அப்படி நிறுத்தும் முன்பே, பாக்கி இருப்பவர்கள் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வரட்டும்.