சிவப்பு நாடா தொங்கும் அந்தப் பின்

ஓமலூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “கமலாபுரம் ஏர்போர்ட்டில், சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து சிவப்பு நாடா தொங்கும் கம்பி ஒன்றை ஊழியர் உருவி எடுத்துப் போனார். அது எதற்கு? மறந்து விட்டுவிட்டால் என்ன ஆகும்?”

அது லாக் பின். விமானம் நிற்கும்போது லேண்டிங் கியர், அதாவது சக்கரம் பொருத்திய கால், தவறியும் மடங்கிவிடாமல் தடுக்கும். எடுக்க மறந்தால் கிளம்பிய பிறகு சக்கரம் உள்ளே போகாது. பெரும்பாலும் திரும்பி வந்து இறங்க வேண்டியதுதான். இடம் மாறிச் செருகினால்தான் வினை.

சேலத்துக்கு, அதாவது இந்தக் கமலாபுரத்துக்கு, வந்துபோகும் ஏடிஆர் 72 விமானம் முழுச் சுமையோடு சுமார் 23 டன். இவ்வளவு கனத்தைத் தாங்கும் கால் மடங்கவும் வேண்டும். இதற்குப் பொறியாளர்கள் கண்ட வழி எனக்கு அலுக்கவே அலுக்காது. காலுக்குச் சாய்வாக, நடுவில் கீல் வைத்த ஒரு தாங்கு தண்டு. கால் இறங்கும்போது அது நிமிர்கிறது. சரியாக நேர்கோட்டில் நின்றால் ஒரு சின்ன அதிர்வே மடக்கிவிடும். அதனால் நேர்கோட்டைத் துளியூண்டு தாண்டவிட்டு, அங்கே ஒரு தடுப்பு வைக்கிறார்கள். இனி எடை அழுத்த அழுத்தக் கீல் அந்தத் தடுப்பின் மேல்தான் போய் முட்டும், மடங்கும் பக்கம் திரும்பாது. பாரமே பூட்டாகிவிடுகிறது! ஸ்பிரிங்குகள் இழுத்துப் பிடித்திருப்பதால் ஹைட்ராலிக் (எண்ணெய்) அழுத்தம் போனாலும் பூட்டு விடாது.

முழங்காலை விறைப்பாகப் பின்னுக்குத் தள்ளி நின்றால் தொடைக்கு வேலையே இருக்காது. ஆனால் பள்ளிக்கூட வரிசையில் பின்னால் நிற்பவன் அங்கே ஒரு தட்டுத் தட்டினால் சரிந்துவிடுவோம். விமானத்தில் அந்தத் தட்டைக் கொடுப்பது ஒரு சிறிய ஹைட்ராலிக் தண்டு. லாக் பின் தடுப்பது அதைத்தான்.

2021 ஜூன் 18, லண்டன் ஹீத்ரோ. சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 787. ஒரு பழுதைச் சரிபார்க்கக் விமானி அறையில் உள்ள கியர் நெம்புகோலை மேலே தள்ள வேண்டியிருந்ததால், முதலில் பின்களைச் செருகினார்கள். முன்சக்கரத்தில் பின் செருகும் துளை மூத்த மெக்கானிக்கின் கைக்கு எட்டவில்லை, கீழிருந்து சுட்டிக்காட்டினார். மற்றவர் செருகியது பக்கத்திலேயே இருந்த வேறொரு துளையில், இணைப்பு அச்சின் உள்ளீடற்ற நடுப்பகுதியில். நெம்புகோல் மேலே போனது, முன்கால் மடங்கியது, விமானம் மூக்கைத் தரையில் மோதி விழுந்தது.

மெக்கானிக்கைத் திட்டுவது சுலபம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளை, இரண்டிலும் அதே பின் நுழையும் என்றால், யாராவது ஒருநாள் மாற்றிச் செருகத்தான் செய்வார்கள். புது வண்டி எடுத்தால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கும் ஊர் நம்முடையது. அந்த அக்கறையில் பாதியாவது, கை தவறவே முடியாதபடி பாகங்களை வடிவமைக்கும் ஆராய்ச்சிக்குப் போக வேண்டும். நம் பொறியியல் கல்லூரிகளில் இதற்கு நிதி ஒதுக்கினால் நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன்.

ஹீத்ரோவில் மனம் வலிப்பது இதற்குத்தான்: அந்தத் தவறான துளையை அடைக்க ஒரு சிறு அடைப்பானைப் பொருத்தும்படி அமெரிக்க விமானத் துறை ஏற்கெனவே உத்தரவிட்டிருந்தது. மூன்று வருடக் கெடு. கெடு முடியவில்லை என்பதால் அந்த விமானத்தில் அதை இன்னும் பொருத்தியிருக்கவில்லை.