எண்ணெய்ப்பனை மானியம்: கன்று வாங்கும் முன் கிணற்றை அளந்துவிடுங்கள்

பாமாயில் தரும் எண்ணெய்ப்பனை மரங்களை, ஆறு வயதானவற்றைப், பொக்லைன் வைத்துப் பிடுங்கிப் போட்டிருந்த ஒரு விவசாயியின் தோட்டத்தில் சென்ற கோடையில் நின்றிருந்தேன். மானியத்தில் வந்த கன்று, மானியத்தில் போட்ட சொட்டுநீர்க் குழாய், பதிவேட்டில் கையொப்பம் எல்லாம் முறைப்படியே இருந்தன; கிணற்றில்தான் தண்ணீர் இல்லை. விண்ணப்பித்த நாளில் ஏழு காகிதங்களைக் கேட்ட அலுவலகம், மே மாதத்தில் உங்கள் கிணறு எவ்வளவு இறைக்கும் என்று மட்டும் கேட்கவில்லை.

சமையல் எண்ணெய் இறக்குமதியைக் குறைப்பதற்காக 11,040 கோடி ரூபாயில் 2021 ஆகஸ்டில் ஒன்றிய அரசு அறிவித்த தேசிய எண்ணெய்ப்பனை இயக்கம்தான் இந்தத் திட்டம். கன்றுகளுக்கு ஹெக்டேருக்கு 29,000 ரூபாய் வரையும், முதல் நான்கு ஆண்டுகளுக்குப் பராமரிப்புக்கு ஆண்டுதோறும் 5,250 ரூபாயும், ஊடுபயிருக்கு அதே அளவும் உதவி உண்டு. கன்றுக்கான தொகை பெரும்பாலும் கன்றாகவே வந்து சேரும். பணமாகக் கைக்கு வரும் என்று நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

காகிதத்தில் அதிகம் பேர் சிக்குவது பட்டாவில்தான். பட்டா இறந்துபோன தந்தையின் பெயரில் இருந்தாலோ, கூட்டுப்பட்டாவில் அண்ணன் தம்பிகள் ஒப்புதல் தராமல் இருந்தாலோ விண்ணப்பம் முதல் மேசையைத் தாண்டாது. குத்தகைக்கு உழுபவர் நிலையும் அதுவே. சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம் வேண்டுமானால் சிறு, குறு விவசாயி சான்று தேவை. அந்தச் சான்றுக்குக் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் நடவுப் பருவமே போய்விடும். ஆகவே கன்றுக்கு எழுதிக் கொடுப்பதற்கு முன்பே சான்றுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். நட்டதும் அடங்கலில், அதாவது கிராமத்துப் பயிர்ப் பதிவேட்டில், எண்ணெய்ப்பனை என்று பதியச் செய்து நகல் எடுத்து வையுங்கள். அடுத்த ஆண்டுப் பராமரிப்புத் தொகையைக் கேட்கப் போகும்போது, நீங்கள் நட்டதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பவர் புதிதாக மாறுதலாகி வந்தவராக இருப்பார்.

இனித் தண்ணீர். நாட்டில் ஏறத்தாழ 28 லட்சம் ஹெக்டேர் இந்தப் பயிருக்கு ஏற்றது என்று, ஆந்திரத்தின் பெதவேகியில் உள்ள எண்ணெய்ப்பனை ஆராய்ச்சி நிறுவனம் 2020இல் மதிப்பிட்டது. மாவட்ட அளவில் வரைபடத்தில் போடும் அத்தகைய மாதிரிக் கணக்கில் உங்கள் ஊர் இருப்பதால் உங்கள் ஆழ்துளைக் கிணறும் அதில் இருக்கிறது என்று ஆகிவிடாது. ஒன்பது மீட்டர் முக்கோண இடைவெளியில் ஏக்கருக்கு 57 மரங்கள் நிற்கும்; வளர்ந்த மரம் கோடையில் நாளொன்றுக்கு 200 முதல் 300 லிட்டர் வரை குடிக்கும். நடுவாக 250 என்று வைத்தாலும் ஏக்கருக்கு 14,250 லிட்டர். ஒரு 200 லிட்டர் பீப்பாயைக் குழாயடியில் வைத்து, சித்திரையிலோ வைகாசியிலோ அது நிரம்பும் நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறியுங்கள். இரண்டு நிமிடத்தில் நிரம்பினால், ஐந்து ஏக்கருக்கு நாள்தோறும் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் மோட்டார் ஓட வேண்டும். மும்முனை மின்சாரம் அவ்வளவு நேரம் வருகிறதா என்பதை நீங்களே அறிவீர்கள்.

தண்ணீர் குறைந்தால் அந்த ஆண்டே விளைச்சல் விழாது என்பதுதான் இந்த மரத்தின் வஞ்சகம். பூங்கொத்து ஆணா பெண்ணா என்பது குலை முதிர்வதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மரத்துக்குள் முடிவாகிறது. வறட்சியில் ஆண் பூங்கொத்துகள் பெருகும், குலையாவது பெண் பூங்கொத்து மட்டுமே. எனவே இந்தக் கோடையின் வறட்சி இரண்டு ஆண்டு கழித்து எடைமேடையில் தெரியும். ஏக்கருக்கு எட்டு டன், பத்து டன் என்று அச்சடித்துக் காட்டப்படும் அட்டவணை, தண்ணீர் ஒருநாளும் குறையாத தோட்டத்துக்கான கணக்கு. உங்கள் குறுவட்டம் (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) நிலத்தடி நீர் அதிகமாக உறிஞ்சப்பட்ட பட்டியலில் இருந்தால், நீங்கள் இறைப்பது பக்கத்துக் காட்டுக்காரரின் கிணற்றையும் சேர்த்துத்தான்.

விலையில் இன்னொரு மயக்கம் உண்டு. ஆலை தருவது கச்சா பாமாயில் விலையில் 14.3 சதவீதம், எண்ணெய் டன் ஒரு லட்சம் ரூபாய் விற்றால் குலைக்கு டன்னுக்கு 14,300. ஐந்தாண்டுச் சராசரியைக் கொண்டு அரசு நிர்ணயிக்கும் ஆதார விலைக்குக் கீழே இது போனால் மட்டுமே, வித்தியாசத் தொகை உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். அந்தப் பாதுகாப்புக்கும் 2037 நவம்பர் 1 என்று முடிவு நாள் குறித்திருக்கிறார்கள். 2026இல் நட்ட மரம் 2030 வாக்கில் காய்த்து, அந்த முடிவு நாளில் முழு விளைச்சலுக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருக்கும். மரமோ இருபத்தைந்து, முப்பது ஆண்டு நிற்கும்.

அறுத்த குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் எண்ணெயின் தரம் கெடும் என்பதால், கொள்முதல் மையம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது, அறுவடை நாளில் வண்டியை அனுப்புவது யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் பகுதியை எந்த நிறுவனத்துக்கு ஒதுக்கியிருக்கிறார்களோ அந்த ஆலையே உங்களுக்கு வாங்குபவர்; அங்கே பிணங்கினால் அடுத்த ஊர் ஆலைக்குக் குலையை ஏற்றிப் போகலாம் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு எடைச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள், வித்தியாசத் தொகையைக் கேட்க அதுதான் சாட்சி. ஒப்பந்தத்தின் நகலைக் கையொப்பமிடும் அன்றே கேளுங்கள். பிறகு தருகிறோம் என்றால் கையொப்பத்தையும் பிறகே போடலாம்.