கடல்பாசி மிதவை மானியம்: விண்ணப்பம் எங்கே தேறுகிறது, எங்கே தவறுகிறது

மீன்வளத்துக்கான ஒன்றிய அரசின் பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் 2020இல் தொடங்கப்பட்டு, பின்னர் 2025-26 நிதியாண்டு வரை நீட்டிக்கப்பட்டது. இதில் கடல்பாசி வளர்க்கும் மூங்கில் மிதவை ஒன்றுக்கு, இடுபொருட்களையும் சேர்த்து, 1,500 ரூபாய் அலகுத் தொகையாக, அதாவது மானியத்தைக் கணக்கிடும் அடிப்படைச் செலவாக, வைக்கப்பட்டது. அதில் பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் ஏனையோருக்கு 40 விழுக்காடும் மானியம். 45 மிதவைகளுக்கு விண்ணப்பிக்கும் ஒரு பெண்ணின் மொத்தச் செலவு 67,500 ரூபாய் என்றால், மானியம் 40,500 ரூபாய். மீதி 27,000 ரூபாய் அவருடைய பொறுப்பு. அந்த மீதித் தொகை வங்கிக் கடனா, குழுவின் சேமிப்பா என்பதைச் சான்றோடு காட்டாத விண்ணப்பம் முதல் பார்வையிலேயே நின்றுவிடுகிறது. அலகுத் தொகைக்கு மேல் ஆகும் செலவும் பயனாளியையே சேரும்.

அடுத்து இடம். இந்த மிதவைகளில் பெரிதும் வளர்க்கப்படுவதும் ஊரார் ‘பெப்சிப் பாசி’ என்று அழைப்பதுமான கப்பாஃபைகஸ் நம் கடலுக்கு உரியது அன்று. மன்னார் வளைகுடாவிலுள்ள குருசடைத் தீவருகே அது பவளப்பாறைகளின் மீது படர்ந்தது ஆய்வாளர்களால் பதிவு செய்யப்பட்டுள்ளது. அதனால்தான் மாநில அரசின் 2005ஆம் ஆண்டு ஆணை அதன் வளர்ப்பைப் பாக் விரிகுடாப் பக்கத்துக்கும் தூத்துக்குடிக்குத் தெற்கேயுள்ள கடலுக்கும் என வரையறுத்தது. 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவை ஒட்டிய தென்கடலில் இந்தப் பாசிக்காக இடம் குறித்து எழுதினால், ஏனைய தாள்கள் எவ்வளவு செம்மையாக இருந்தாலும் பயனில்லை. பாசி சேகரித்தே குடும்பம் நடத்திய பெண்களுக்கு இந்த விதி கடுமையாகத் தோன்றலாம். பவளப்பாறை அழிந்தால் அவர்கள் சேகரிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் குறையும் என்பதால் இதை நான் நியாயம் என்றே கருதுகிறேன்.

மிகுதியான விண்ணப்பங்கள் தடுமாறுவது வருமானக் கணக்கில்தான். பாசி முற்ற ஏறத்தாழ 45 நாள் ஆகும் என்பதைப் பிடித்துக்கொண்டு, 365ஐ 45ஆல் வகுத்து ஆண்டுக்கு எட்டு அறுவடை என்று எழுதிவிடுகிறார்கள். வாடைக்காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், மிதவை நிற்காது என்பது இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையின் மண்டபத்திலும் தங்கச்சிமடத்திலும் சிறு பிள்ளைக்கும் தெரியும். விண்ணப்பத்தைப் படிக்கும் மீன்வளத் துறையினருக்கும் தெரியும். காற்று, மழைக்காலத்துக்கு மூன்று மாதம் ஒதுக்கினால் எஞ்சுவது அதிகம் போனால் ஆறு அறுவடை. கோடை வெப்பத்தில் பாசி நலிந்தால் அதுவும் குறையும். ஒரு மிதவையில் 60 கிலோ விதைப்பாசி கட்டி 260 கிலோ எடுத்தால், அடுத்த சுற்றுக்கு 60 கிலோவை ஒதுக்கியது போக விற்பனைக்கு 200 கிலோதான் மிஞ்சும். அது காய்ந்தால் ஏறக்குறைய 20 கிலோ. ஈரப்பாசியின் எடையைக் காய்ந்த பாசியின் விலையால் பெருக்கிய விண்ணப்பம் பத்து மடங்கு வருமானத்தைக் காட்டும்; காட்டியவருக்குப் பொய் சொல்லும் எண்ணம் இல்லாவிட்டாலும் முழு விண்ணப்பத்தின் மீதும் ஐயம் விழும்.

ஓரா மீன் பாசியை மேய்ந்துவிடாமல் அடியில் கட்டும் வலை, விதைப்பாசி வாங்கும் இடம், காய்ந்ததை எடுத்துக்கொள்ளும் வணிகர் ஆகிய மூன்றையும் ஊரின் பெயரோடும் அளவோடும் எழுதிய விண்ணப்பமே நம்பத்தக்கதாகிறது. பக்கத்து ஊர்க் குழுவின் தாளை அப்படியே படியெடுத்ததில் இவை இருப்பதில்லை.

விண்ணப்பத்தை மாவட்ட மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை அலுவலகத்தில் அளிக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு அதைப் பரிசீலிக்கும். மானியத்தைப் பணி நடந்ததைச் சரிபார்த்த பிறகே எதிர்பார்க்க வேண்டும் என்பதால், மூங்கிலும் கயிறும் வாங்கிய ரசீதுகளை முதல் நாளிலிருந்தே ஓர் உறையில் சேர்த்து வைத்துக்கொள்வது அவசியம்.