பீரங்கி: பறங்கிக்காய்க்கு உறவான ஆயுதம்

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் பறங்கிக்காய்க் கீற்று ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கோட்டைப் பக்கம் நடந்தால், ஒரே சொல்லின் இரண்டு பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்துவிடலாம். ஒன்று பையில் இருக்கிறது. இன்னொன்று, 1806 ஜூலை 10 அன்று அந்தக் கோட்டையின் வாசலை உடைத்த பீரங்கி.

இரண்டுக்கும் மூலம் ‘ஃபிராங்க்’ என்ற ஐரோப்பியக் குடியின் பெயர். பிரான்சு நாட்டுக்குப் பெயர் கொடுத்ததும் அதே குடிதான். சிலுவைப் போர்க் காலத்து அரபுக்காரர்கள் மேற்கு ஐரோப்பியர் எல்லாரையும் அந்தப் பெயராலேயே குறித்தார்கள். பாரசீகத்தில் அது ஃபரங்கி, ஃபிரங்கி என்றானது. நம் ஊருக்கு வந்தபோது வெள்ளைக்காரனைக் குறித்த சொல் ‘பறங்கி’ ஆயிற்று. பறங்கிப்பேட்டை, பறங்கிமலை, கடல் கடந்து வந்த பறங்கிக்காய் எல்லாம் அந்த வழிதான். ஒரு பால்வினை நோயைக்கூட பறங்கிப்புண் என்று அவன் தலையிலேயே கட்டிவிட்டார்கள். அவனுடைய ஆயுதத்தைக் குறித்த சொல் ‘பீரங்கி’. தெலுங்கில் இன்றைக்கும் ஃபிரங்கிதான்.

சரி, வெள்ளைக்காரன் கையில் இருந்தால்தான் பீரங்கியா? இல்லை. 1526-இல் பானிபட்டில் பாபரின் ஆள் உஸ்தாத் அலி குலி சுட்டதையும் பாபரின் நினைவுக்குறிப்பு ‘ஃபிரங்கி’ என்றே சொல்கிறது. அதற்குள் அந்நியனின் பெயர் கருவியின் பெயராகவே நிலைத்துவிட்டது.

வேலூரில் அன்று நடந்ததைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறிக்குத் தடை, தாடிக்குக் கட்டுப்பாடு என்று வரிசையாக வந்த உத்தரவுகளால் கொதித்த, ஆங்கிலேயக் கம்பெனிப் படையின் இந்தியச் சிப்பாய்கள் விடியும் முன்பே கோட்டையைப் பிடித்து, திப்புவின் கொடியை ஏற்றிவிட்டார்கள். சேதி 25 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆற்காட்டுக்குப் போனது. அங்கிருந்து ஆங்கிலேயப் படை அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு பறந்து வந்தார். முதலில் கயிற்றைப் பிடித்து மதிலேறி, உள்ளே மாட்டிக்கொண்டிருந்த ஆங்கிலேயரோடு சேர்ந்துகொண்டார். ஆனால் குதிரைகள் இழுத்துவந்த இலகுப் பீரங்கிகள் வந்து சேர்ந்து வாசலை உடைத்த பிறகுதான் ஆட்டம் மாறியது. அப்புறம் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். சிப்பாயும் பாரசீகச் சொல்தான், அந்தக் கதை இன்னொரு நாள்.

முதல் உலகப் போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனதாகவும், அதில் 14 பேர் உயிர்விட்டதாகவும் லாங் பஜார் மணிக்கூண்டுக் கல் சொல்கிறது. துப்பாக்கியைவிடப் பீரங்கியே அதிகம் பேரைக் கொன்ற போர் அது. அதே போரில், 1916 செப்டம்பரில், டாங்கி முதன்முறையாகக் களமிறங்கியது. நம் செய்தித்தாள்களின் குழப்பமும் அதோடு தொடங்கியது என்பேன். டாங்கியையும் பீரங்கி என்றே எழுதுகிறார்கள். டாங்கி என்பது கவசம் பூண்ட வண்டி, அதன் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் குழல்தான் பீரங்கி. 1999-இல் கார்கிலில் முழங்கிய போஃபர்ஸுக்கு டாங்கிபோல் கவசமெல்லாம் கிடையாது. மலைக்கு அந்தப் பக்கமும் விழும்படி குண்டை உயரத் தூக்கி எறியும் ஹவிட்சர் வகை அது. 155 மி.மீ. என்பது அதன் குழல்வாயின் விட்டம்.

தனித்தமிழில் என்ன சொல்வது? சிலப்பதிகாரத்து மதுரை மதிலில் ‘கல்லுமிழ் கவண்’ இருக்கிறது. அழகான சொல், ஆனால் வெடிமருந்து இல்லாத பொறி. ‘சேணேவி’ என்று ஒரு சொல்லாக்கம் உண்டு: சேண் என்றால் தொலைவு, தொலைவுக்கு ஏவுவது சேணேவி. ஈழத்தில் ஆட்லறி என்று சொல்லும் பெரும்பீரங்கி வகை மொத்தத்துக்கும் இது பொருந்தும். அது எறியும் குண்டுக்கு ஈழத்தவர் சொல்லும் ‘எறிகணை’ நம் தினசரிகளுக்கும் வந்துவிட்டது.

என் கட்சி இதுதான்: படைப்பிரிவைச் சொல்ல சேணேவி, குண்டுக்கு எறிகணை, தனி ஆயுதத்துக்குப் பீரங்கியே இருக்கட்டும். தேர்தல் வந்தால் வேலூர்ச் சுவர்களில் ‘பிரசார பீரங்கி வருகிறார்’ என்று எழுதுகிறார்கள். அங்கே போய் சேணேவி என்று எழுதச் சொன்னால், வருகிறவர் யார் என்றே ஒருவருக்கும் தெரியாது.