தீவாந்தரம்: கலாவுபாப்பாவுக்குப் பொருந்தும் சொல்

சென்ற மாதம் மெய்ப்புப் பார்க்க ஒரு கட்டுரை வந்தது. ஹவாய்த் தீவுகளில் தொழுநோயின் பெயரால் மொலோக்காய் தீவின் கலாவுபாப்பாவுக்கு விரட்டப்பட்ட மக்களைப் பற்றியது. நான்காவது பத்தியில் இந்த வரி: “1866-இல் முதல் 12 நோயாளிகள் மொலோக்காய் தீவில் குடியேறினர்.” பென்சிலால் அடித்துவிட்டு மேலே ‘இறக்கிவிடப்பட்டனர்’ என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் கேட்டார்: “சார், மூலத்துல ‘செட்டில்மென்ட்’னுதானே இருக்கு? அதுக்குக் குடியேற்றம்தானே சரி?”

இதே ‘தொழுநோயாளர் குடியேற்றம்’ அந்த மக்களோடு வாழ்ந்து பணிசெய்த பாதிரியார் புனித தமியான் பற்றிய ஒரு சிறுநூலிலும் வருகிறது, ஓர் ஆவணப்படத்தின் தமிழ் வசன வரியிலும் வருகிறது. மூன்றாவது முறையும் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

ஆங்கிலத்தில் அந்த இடத்தைக் ‘காலனி’ என்றும் ‘செட்டில்மென்ட்’ என்றும் எழுதினார்கள். காலனி லத்தீன் சொல். நிலத்தை உழுது பயிரிடுகிறவன் ‘கொலோனுஸ்’, அவன் போய்க் குடியமர்ந்த இடம் ‘கொலோனியா’. தமிழில் காலனியை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றால் அதற்கு இங்கே வேறு கறை படிந்துவிட்டது. ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட தெருவைச் சுட்டும் இழிசொல்லாகிப்போனதால், அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்குவதாகத் தமிழக முதல்வர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

ஆகவே குடியேற்றம் என்கிறார்கள். இதைத்தான் நான் மறுக்கிறேன்.

குடியேறுவது தன்விருப்பத்தில் நடப்பது. பிழைப்புத் தேடி, நிலம் தேடி, மூட்டை முடிச்சோடு போகிறவன் குடியேறுகிறான். “குடியேற்று என்பது பிறவினை, அடுத்தவர் செய்வித்ததாகத்தானே பொருள்?” என்று அந்த மொழிபெயர்ப்பாளர் நண்பர் வாதிட்டார். பிறவினையாகவே இருக்கட்டும். புயலில் வீடிழந்தவர்களை மேட்டு நிலத்தில் குடியேற்றினார்கள் என்கிறோம். அதில் வீடு கொடுத்த கை இருக்கிறது. கையைப் பிடித்து இழுத்துக் கப்பலில் ஏற்றியதை யாராவது குடியேற்றினார்கள் என்பார்களா? இலங்கைத் தமிழர் இந்த வரியைப் படித்தால் நிலைமை இன்னும் மோசம். அங்கே குடியேற்றம் என்றாலே அரசாங்கம் கொண்டுவந்து இறக்கிய ஆட்கள் நம் நிலத்தைப் பிடித்த கதை. துரத்தப்பட்டவர்கள் அவர்கள் கண்ணுக்கு ஆக்கிரமித்தவர்களாகத் தெரிவார்கள்.

நடந்தது என்ன? அப்போது தனி ராஜ்யமாக இருந்த ஹவாயின் ஐந்தாம் கமேஹமேஹா மன்னர் 1865 ஜனவரியில் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். தொழுநோய் இருப்பதாகச் சந்தேகப்படுபவரைப் பிடித்துச் சுகாதார வாரியத்திடம் ஒப்படைக்கும் கடமை காவலர்களுக்கு வந்தது. மறு ஆண்டு ஜனவரி 6-ஆம் தேதி ஒன்பது ஆண்களும் மூன்று பெண்களும் மொலோக்காயின் வடகரையில், கலாவுபாப்பா தீபகற்பத்தின் கலவாவோ பக்கம் இறக்கப்பட்டார்கள். மூன்று பக்கம் கடல், நான்காவது பக்கம் சுவர்போல எழும் மலை. வாரியத்துக்கு ஒரு கணக்கு இருந்தது: நோயாளிகள் தாங்களே கிழங்கு பயிரிட்டுச் சாப்பிட்டுக்கொள்வார்கள். விரல் மரத்துப்போனவர்கள் மண்வெட்டி பிடிப்பார்கள் என்று எதிர்பார்த்த கணக்கு அது. ‘காலனி’ என்ற சொல்லின் அடியில் இருக்கும் உழவன் இங்கேதான் எட்டிப்பார்க்கிறான். அந்தப் பொய்க் கணக்கைத்தான் ‘குடியேற்றம்’ தமிழில் சுமந்து வருகிறது.

அந்த நிலத்துக்கு உண்மையான குடிகளும் இருந்தார்கள். நூற்றாண்டுகளாக மீன்பிடித்து, கிழங்கு விளைத்து அங்கே வாழ்ந்த ஹவாய்க் குடும்பங்கள். முதலில் வந்தவர்களுக்கு அவர்கள் உதவியதும் உண்டு. 1890-களில் அவர்களில் எஞ்சியவர்களையும் அரசு வெளியேற்றியது. குடியைக் கிளப்பிவிட்டு நடந்ததைக் குடியேற்றம் என்று எழுதுகிறோம்.

சிலர் ‘நாடுகடத்தல்’ என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பொருந்தவில்லை. மொலோக்காய் வேறு நாடு இல்லை, அவர்களுடைய ராஜ்யத்தின் ஒரு தீவு. நாடுதான் மாறிக்கொண்டே இருந்தது: முடியாட்சி 1893-இல் கவிழ்ந்தது, குடியரசு வந்தது, 1898-இல் அமெரிக்கா இணைத்துக்கொண்டது, 1959-இல் மாநிலமானது. பிரித்துவைக்கும் கொள்கை மட்டும் 1969 வரை நீடித்தது. நோயைக் குணப்படுத்தும் சல்ஃபோன் மருந்து 1940-களிலேயே அங்கே வந்துவிட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

‘தனிமைப்படுத்தல்’? கொரோனாவுக்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு 14 நாள் என்று ஒரு நீளம் வந்துவிட்டது. கதவுக்கு வெளியே சாப்பாடு வைத்துவிட்டுப் போவார்கள், இரண்டு வாரத்தில் வெளியே வரலாம். கலாவுபாப்பாவில் பிறந்த குழந்தையைத் தாயிடமிருந்து எடுத்துப்போனார்கள். பார்க்க வந்த உறவினர் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசினார்கள். ஹவாய் மக்கள் இந்த நோய்க்கு வைத்த பெயர்களில் ஒன்றின் பொருள் ‘குடும்பத்தைப் பிரித்துவைக்கும் நோய்’. அவர்களுக்குச் சொல் சரியாகவே கிடைத்தது.

நமக்கும் ஒன்று இருக்கிறது: தீவாந்தரம். த்வீபம், அந்தரம் என்ற இரண்டும் சேர்ந்தது. வேறொரு தீவு என்பது நேர்ப்பொருள். அந்தமானுக்கு அனுப்பிய காலத்தில் ‘தீவாந்தர சிட்சை’ என்றால் ஊரில் எல்லோருக்கும் புரியும். கப்பல் ஏற்றுவார்கள், திரும்பி வருவது நிச்சயமில்லை. வடசொல் ஆயிற்றே என்பார்கள். நானும் தமிழ்ச்சொல் கிடைத்தால் அதைத்தான் எடுப்பேன். ‘தீவுகடத்தல்’ என்று எழுதிப் பார்த்தேன், யாரோ தீவையே கடத்திக்கொண்டு போனதுபோல இருக்கிறது. பாட்டிமார் வாயில் ஊறிய சொல்லை விட்டுவிட்டு நேற்று காய்ச்சிய சொல்லைத் திணிப்பதில் எனக்கு விருப்பமில்லை.

“அது குற்றவாளிக்குக் கொடுக்கும் தண்டனைச் சொல்லாயிற்றே, நோயாளிக்கு எப்படி?” என்று நண்பர் கேட்டார். அந்தச் சொல் எனக்குப் பிடிப்பதே அதனால்தான். காவலர் வந்து பிடித்துப்போவதற்குப் பெயர் சிகிச்சை இல்லை. ஹவாயின் இன்னொரு தீவான கவாயில், தொழுநோய் கண்ட கோஓலாவ் என்பவர் மனைவியைப் பிரிந்து போக மறுத்து, 1893-இல் மனைவி பீலானியோடும் மகனோடும் கலலாவ் பள்ளத்தாக்கில் ஒளிந்து, தேடிவந்த படைவீரர்களோடு துப்பாக்கி ஏந்திப் போராடினார். இந்தப் பின்னணியில் ‘குடியேற மறுத்தார்’ என்று எழுதிப் பாருங்கள்.

இன்னொரு சொல்லையும் பாழாக்குகிறார்கள். நோயில்லாத உறவினர் சிலர் கணவனுக்கோ மனைவிக்கோ பணிவிடை செய்யத் தாங்களாகவே அங்கே போனார்கள். ஹவாய் மொழியில் அவர்கள் ‘கோகுவா’. தமிழில் ‘உதவியாளர்’ என்று போடுகிறார்கள், ஏதோ அலுவலகப் பணியிடம்போல. ஜோனதன் நாபெலா 1873-இல் மனைவி கிட்டியோடு போனார், அவருக்கும் நோய் தொற்றியது, 1879-இல் இருவரும் அங்கேயே இறந்தார்கள். இதற்கு நம்மிடம் ‘துணைக்குப் போனார்’ என்று இருக்கிறதே! மூலத்தில் ஒரு சொல் இருந்தால் தமிழிலும் ஒரு சொல்லே வேண்டும் என்று யார் விதித்தது? மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைப் பார்க்கிறார்கள், நடந்ததைப் பார்ப்பதில்லை.

‘குஷ்டரோகி’யை விட்டுவிட்டோம், அது நல்லது. தொழுநோய் அப்பர் தேவாரத்திலேயே இருக்கும் சொல். நோயைச் சொல்ல அது போதும். ஆனால் ஆட்களைச் சொல்லும்போது ‘தொழுநோயாளர்’ என்று மொத்தமாகக் கட்டி வைப்பதைக் குறைக்கலாம். ஒரு நூற்றாண்டில் ஏறக்குறைய 8,000 பேர் அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலானோருக்குக் கல்லறையில் அடையாளக் கல்கூடக் கிடையாது. அதனால்தான் அங்கே வாழ்ந்தவர்களும் வழிவந்தவர்களும் சேர்ந்த கா ஓஹானா ஓ கலாவுபாப்பா என்ற அமைப்பு, அத்தனை பேரின் பெயரும் பொறித்த நினைவிடம் கேட்டது. அதற்கு அனுமதி தரும் சட்டத்தில் 2009 மார்ச்சில் ஒபாமா கையெழுத்திட்டார். ஓஹானா என்றால் குடும்பம்.

அந்த இடத்தையே குறிக்க என்ன சொல் என்று கேட்டால், ஊர் என்பேன். அனுப்பியது தீவாந்தரம். போய்ச் சேர்ந்தவர்கள் அங்கே தேவாலயம் கட்டினார்கள், பாட்டுக் குழு வைத்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள், கொள்கை முடிந்த பிறகும் பலர் விட்டுப்போக மனமில்லாமல் அங்கேயே இருந்தார்கள். ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல் இந்த இரண்டையும் குழப்புகிறது. நாம் பிரித்தே எழுதலாம்.

கட்டுரையின் நான்காவது பத்தியை மறுபடி இப்படித் திருத்தி அனுப்பியிருக்கிறேன்: “1866 ஜனவரி 6-ஆம் தேதி, தீவாந்தரம் அனுப்பப்பட்ட முதல் 12 பேர் கலவாவோ கரையில் இறக்கிவிடப்பட்டார்கள்.”