அந்த 30 மில்லி ஏன் முக்கியம்?

தேர்வுக்குத் தயாராகும் செவிலிய மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: "மெடிக்கல் சர்ஜிக்கல் நர்சிங்கில் இதயம், நுரையீரல், சிறுநீரகம், ஹார்மோன்கள் என்று தனித்தனியாகப் படிக்கிறேன். ஒன்றை முடிப்பதற்குள் முந்தையது மறந்துபோகிறது. எல்லாவற்றையும் எப்படித் திருப்பிப் பார்ப்பது?"

உறுப்பு வாரியாகப் பார்க்காதீர்கள் என்பேன். ஒரே ஒரு நோயாளியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய வயிற்று அறுவை முடிந்த அன்று இரவு. எடை 60 கிலோ, சிறுநீர் வடியக் கதீட்டர் குழாய் போட்டிருக்கிறது. செவிலியர் மணிக்கொரு தரம் குனிந்து, அளவுக்கோடு போட்ட சின்ன அறையில் எவ்வளவு சிறுநீர் சேர்ந்திருக்கிறது என்று பார்த்துக் குறித்துவிட்டு, அதைப் பைக்குள் இறக்கிவிடுகிறார். 45, 40, 32, அப்புறம் 18 மில்லி. பிபி 118/76. நாடித்துடிப்பு மட்டும் 84-லிருந்து 104-க்கு ஏறியிருக்கிறது.

எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு 0.5 மில்லி என்பதுதான் சிறுநீருக்கு வழக்கமான கீழ் எல்லை. இவருக்கு அது 30. பிபி நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. உடலின் ரத்தத்தில் 15 முதல் 30 சதவீதம் வரை போனாலும், படுத்திருப்பவரின் மேல் அளவு பிபி பெரும்பாலும் இறங்காது. இதயம் வேகமெடுக்கும், தோலிலும் குடலிலும் ரத்தக்குழாய்கள் சுருங்கும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்குப் பிடித்த இடம் சிறுநீரகம்.

இரண்டும் சேர்ந்து சுமார் 300 கிராம். ஆனால் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டர், அங்கேதான் போகிறது. ஒரு நாளில் 180 லிட்டர் வடிகட்டப்பட்டு, ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் மட்டும் வெளியேறுகிறது. மற்றதெல்லாம் ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது.

வடிகட்டும் நுண்குழாய் முடிச்சான குளோமருலஸுக்குள் நுழையும் தமனியின் சுவரில் சில செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. அழுத்தம் குறைந்தால் சுவர் விரிவது குறையும். அதை உணர்ந்து ரெனின் என்ற நொதியை விடுகின்றன. அதே நெஃப்ரானின், அதாவது அந்த வடிகட்டும் அலகின், குழாய் கீழே இறங்கி, வளைந்து மேலேறி, தான் புறப்பட்ட முடிச்சையே வந்து தொடுகிறது. தொடும் இடத்தில் இருக்கும் செல்கள் உப்பு எவ்வளவு வருகிறது என்று கணக்குப் பார்க்கின்றன. குறைந்தால் அவையும் ரெனினைக் கேட்கும். கடைசியில் வந்த அளவைப் பார்த்து முதல் வாசலைத் திருத்துகிற இந்த ஏற்பாட்டை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

ரெனின் ரத்தத்தில் கலந்து, கல்லீரல் செய்து அனுப்பிய ஆஞ்சியோடென்சினோஜென் என்ற புரதத்தை வெட்டுகிறது. கிடைப்பது 10 அமினோ அமிலம் கொண்ட துண்டு. அதனால் பெரிய வேலை எதுவும் ஆகாது. முக்கியமாக நுரையீரலின் நுண்குழாய்ச் சுவர்களில் இருக்கும் ஏசிஇ நொதி அதில் இரண்டைக் கழற்றியதும் ஆஞ்சியோடென்சின் 2 பிறக்கிறது. அது ரத்தக்குழாய்களை இறுக்குகிறது, அட்ரீனல் சுரப்பியிடம், உப்பைத் தக்கவைக்கும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனைக் கேட்கிறது, மூளையில் தாகத்தைக் கிளப்புகிறது. சிறுநீரகத்துக்கே திரும்பி வந்து, குளோமருலஸின் உள்வாசலைவிட வெளிவாசலை அதிகம் இறுக்குகிறது. வரும் ரத்தம் குறைந்தாலும் உள்ளே அழுத்தம் தாக்குப்பிடிக்கிறது, வடிகட்டல் நிற்பதில்லை. வடிந்த உப்பையும் நீரையும் குழாய் அள்ளித் திருப்பி அனுப்புகிறது. ஆக, அந்த 18 மில்லி இன்னும் சிறுநீரகம் கெட்டதற்கான அடையாளமல்ல. சிறுநீரகம் உடலுக்காக நீரைச் சேமித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் அத்தியாயங்களில் பாதி இந்த ஒரு சங்கிலியிலேயே வந்துவிட்டன.

ரெனினை 1898-இல் டிகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றில் கண்டார்கள். ஏசிஇயைத் தடுக்கும் முதல் மாத்திரையான காப்டோபிரிலுக்கு வழி காட்டியது பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷம். செர்ஜியோ ஃபெரேரா 1960-களில் அதை ஆராய்ந்தார். பாம்பு விஷத்தில் என்ன ஆராய்ச்சி என்று அன்று பணத்தை நிறுத்தியிருந்தால் எத்தனை இதய நோயாளிகள் நஷ்டப்பட்டிருப்பார்கள்! உடனே பலன் காட்டு என்று அடிப்படை ஆய்வை நெருக்குவதை நான் ஏற்கவே மாட்டேன்.

சரி, நோயாளியிடம் வருவோம். முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா, அடிவயிறு உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். அறுவையின் அதிர்ச்சியில், நீரை உடலில் தக்கவைக்கும் ஏடிஎச் ஹார்மோன் கூடுவதாலும் முதல் நாள் சிறுநீர் குறையும். அதனால் நாடி, தோலின் சூடு, அறுவை இடத்தில் வைத்த வடிகுழாயான டிரெயினில் வந்த ரத்தம் எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் இந்த எண்ணைப் படிக்க வேண்டும். சர்க்கரை மிக ஏறியவருக்கு உடல் வறண்டாலும் சிறுநீர் கொட்டும், அங்கே இந்த எண் ஏமாற்றும்.

மருந்துச் சீட்டையும் பாருங்கள். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகள் உள்வாசல் விரிந்திருக்க உதவும் புரோஸ்டாகிளாண்டினைத் தடுக்கின்றன. காப்டோபிரில் போலவே ஏசிஇயைத் தடுக்கும் எனாலாப்ரில் வெளிவாசலைத் தளர்த்துகிறது. நீர் குறைந்த உடலில் இரண்டும் சேர்ந்தால் வடிகட்டும் அழுத்தம் சரிந்துவிடும். "சிறுநீர் வரவில்லையா, ஃபுரோசிமைடு போடு" என்று சிறுநீரைப் பெருக்கும் மருந்தைக் கொடுக்கும் பழக்கமும் இங்கே ஆபத்து. வறண்டிருப்பவரை அது மேலும் வறட்டும்.

ஷிஃப்ட் முடியும்போது குத்துமதிப்பாக 30, 30, 30 என்று நிரப்பிய சார்ட் எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. கிலோவுக்கு மணிக்கு 0.5 மில்லிக்குக் கீழே 6 மணி நேரம் நீடித்தாலே அது திடீர் சிறுநீரகப் பாதிப்பின் முதல் நிலை. இரண்டு மணி நேரம் தொடர்ந்து குறைந்தபோதே மருத்துவரை அழைத்து, நாடியையும் நான்கு மணி நேர அளவுகளையும் வரிசையாகச் சொல்லுங்கள்.